எனக்கு எந்தத் தடையும் இல்லை

1

போன மாதம் அலுவலகத்திலிருந்து எனக்கு ஒரு கடிதம் வந்தது. பேர்கன் நகரத்துக்கு வந்து இத்தனை வருடமாகிவிட்டது. நோர்வேஜிய மொழியில் பேசுவேன், கடையில் தள்ளுபடி கேட்பேன், பேருந்துச் சாரதியோடு சண்டையும் பிடிப்பேன். ஆனால் கடிதம் என்று வந்தால் மகள் ஆரணி வேண்டும். அவளுக்குப் பதின்மூன்று வயது. தோடம்பழச் சாற்றைக் குடித்தபடியே வாசித்தாள்.

"அப்பா, நீங்கள் நல்லா வேலை செய்யிறீங்களாம். நேரத்துக்கு வாறீங்களாம். ஆனா உங்களுக்கு ஒரு பிரச்சினையும் இல்லையாம். அதுதான் பிரச்சினையாம்."

"வடிவா வாசி."

"வடிவாத்தான் வாசிக்கிறன். ஆறு வருசமா நீங்கள் ஒரு தடைகூடச் சொல்லேல்லையாம். ஒரு மாசத்துக்குள்ள ஒண்டாவது சொல்லவேணுமாம்."

அடுப்படியில் இருந்து என் மனைவி, "இஞ்ச வந்து என்னைக் கேக்கச் சொல்லு. நான் ஒரு கொப்பி நிறைய எழுதித் தாறன்" என்றாள்.

ஊரில் இருக்கும் வாசகர்களுக்கு இதை விளக்கவேண்டும். நாங்கள் மென்பொருள் செய்கிறவர்கள். இப்போது எல்லா இடத்திலும் அஜைல் என்ற முறைதான். பெரிய வேலையை ஒரேயடியாகச் செய்யாமல், இரண்டு வாரத்துக்கு ஒரு துண்டாக வெட்டிச் செய்வது. ஒவ்வொரு துண்டும் ஒரு ஸ்பிரிண்ட். தினமும் காலையில் குழு வட்டமாக நின்று மூன்று கேள்விகளுக்குப் பதில் சொல்லவேண்டும். நேற்று என்ன செய்தாய், இன்று என்ன செய்யப்போகிறாய், உனக்கு என்ன தடை?

முதல் இரண்டுக்கும் நான் நன்றாகவே பதில் சொல்வேன். மூன்றாவதுக்கு, "எதுவும் இல்லை" என்பேன். என் மேலாளர் இங்கிரிட் ஆறு வருடமாக இதைக் கேட்டுக் கேட்டுப் பொறுமை இழந்துவிட்டார்.

"ஜனவரியில் புதிய குழு ஒன்று தொடங்குகிறோம். உன்னிடம் கொடுக்கத்தான் விருப்பம்" என்றார். "ஆனால் உனக்கு ஒன்று பிழைத்தால் நீ சொல்லமாட்டாய். நீ சொல்லாவிட்டால் உனக்குக் கீழே இருப்பவர்களும் சொல்லமாட்டார்கள். பிறகு எல்லாரும் சிரித்துக்கொண்டே கப்பலோடு தாழவேண்டியதுதான்."

அவர் இதைக் கோபமில்லாமல் சொன்னார். இந்த நாட்டில் கோபமில்லாமல் சொன்னால்தான் பயப்படவேண்டும்.

2

நான் ஒரு தடையைத் தேடத் தொடங்கினேன். முதல் வாரம், "என் கதிரை சத்தம் போடுகிறது" என்றேன். குழுவே கைதட்டியது. அடுத்த நாள் புதுக் கதிரை வந்தது. கூடவே ஒரு பெண் வந்து என் முதுகெலும்பை அளந்துவிட்டுப் போனாள். இரண்டாவது வாரம், ஜன்னலால் வெயில் அடிக்கிறது என்றேன். பேர்கனில் வருடம் முழுக்க மழை. அதனால் அதை யாரும் நம்பவில்லை.

"இவை தளபாடப் பிரச்சினைகள்" என்றார் இங்கிரிட். "உன் பிரச்சினையைச் சொல்."

உண்மையில் எனக்குத் தடைகள் இருந்தன. ஒரு இடத்தில் ஒன்பது நாளாகச் சிக்கிக்கொண்டு நின்றேன். எனக்கு அடுத்த மேசையில் இருக்கும் பையனுக்கு அது தலைகீழ்ப் பாடம். கேட்டால் பத்து நிமிடத்தில் சொல்லித்தந்திருப்பான். ஆனால் வட்டத்தில் என் முறை வந்ததும், வாய் தானாக "எதுவும் இல்லை" என்றுவிடும். அது எனக்கு இங்கே பிடித்த நோய் இல்லை. கண்டியில் பிடித்தது.

3

போர் முடிய இன்னும் இரண்டு மூன்று வருடம் இருந்த காலம். கண்டியில், வாவிக்கரையில் இருந்து மேலே ஏறும் ஒரு ஒழுங்கையில் எங்கள் அலுவலகம். கீழே பேக்கரி, மேலே நாங்கள். பத்து மணிக்கு மீன் வைத்த மாலு பணிஸ் வெந்து வரும் வாசனையில் எந்த நிரலும் ஓடாது. கப்பல் காப்புறுதிக்கான மென்பொருளை ஒரு நோர்வே நிறுவனத்துக்காகச் செய்தோம். நாங்கள் நான்கு பேர்.

நிமல் எங்கள் மூத்தவர். பேராதனைக்காரர், சிங்களவர். சிங்களத்தில் அய்யா என்றால் அண்ணன்; நாங்கள் மூவரும் அவரை 'நிமல் அய்யா' என்போம். மேரி ஸ்டெல்லா நாவலப்பிட்டித் தேயிலைத் தோட்டத்துப் பெண், வேதக்காரி. நாங்கள் செய்ததில் பிழை கண்டுபிடிப்பது அவள் வேலை. அதற்காகவே பிறந்தவள். ரிஸ்வான் கண்டி ஆள், மோட்டார் சைக்கிள் வைத்திருந்தவன். நான்காவது நான். யாழ்ப்பாணத்தில் இருந்து படிக்க வந்து, வேலை கிடைத்து, அம்பிட்டியவில் ஒரு வீட்டில் அறை எடுத்துத் தங்கியவன்.

நிமல் அய்யா கொழும்பில் இரண்டு நாள் பயிற்சி எடுத்து வந்து அஜைலைத் தொடக்கிவைத்தார். வரும்போது வர்ண ஒட்டுத்தாள்கள், இலக்கம் போட்ட சீட்டுக்கட்டு, பெரிய உற்சாகம் எல்லாம் கொண்டுவந்தார். வட்டமாக நிற்கச் சொன்னார். நாங்கள் நின்றோம், ஆனால் அவரைப் பார்த்து நின்றோம். "என்னிடம் சொல்லாதீர்கள், ஒருவருக்கொருவர் சொல்லுங்கள்" என்று அவர் மெல்ல நகர்ந்து பின்னால் போனார். வட்டமும் அவரோடு திரும்பியது.

சீட்டுக்கட்டு இன்னும் மோசம். ஒரு வேலை எவ்வளவு கடினம் என்று ஒவ்வொருவரும் ஒரு சீட்டை ஒரே நேரத்தில் காட்டவேண்டும். பெரியவர் காட்டும் முன் நாங்கள் எப்படிக் காட்டுவது? அவர் ஐந்து காட்டினால் மூன்று பேரின் கையிலும் ஐந்து. கடைசியில் அவர் சீட்டைக் கவிழ்த்து வைத்துவிட்டு, ஜன்னலால் வாவியைப் பார்த்துக்கொண்டு நிற்கப் பழகினார்.

மூன்றாவது கேள்விக்கு ரிஸ்வான் மட்டும் தினமும் பதில் சொல்வான். "என்ட கொம்பியூட்டர் சரியான ஸ்லோ, அய்யா." ஸ்டெல்லா விடியற்காலையில் நாவலப்பிட்டியில் ரயிலேறி, நின்றுகொண்டே வந்து, "ஒண்ணும் இல்லைங்க" என்பாள். நானும் "இல்லை" என்பேன். அம்பிட்டியவில் இருந்து வரும் வழியில் இருந்த சோதனைச் சாவடியில், வாரத்தில் மூன்று நாள் என்னைப் பேருந்திலிருந்து இறக்கி ஓரமாக நிற்கவைத்தார்கள். வெளியூர்த் தமிழர் தங்கும் இடத்தைப் பொலிஸில் பதிந்த தாளைக் காட்டவேண்டும், அதற்கு வீட்டுக்காரரின் கையெழுத்து வேண்டும். அது அலுவலக விஷயம் இல்லை என்று நினைத்தேன்.

ஒரு நாள் ஒன்றரை மணி நேரம் பிந்திப் போனேன். எனக்காக வட்டம் காத்துக்கொண்டு நின்றது. நிமல் அய்யா மூன்றாவது கேள்வியைக் கேட்டார். எனக்கு வந்த கோபத்தில் உண்மையைச் சொல்லிவிட்டேன்.

"என்னட்டப் பொலிஸ் பதிவு இல்லை. வீட்டுக்காரர் கையெழுத்து வைக்கிறா இல்லை. எண்டைக்கோ ஒரு நாள் பிடிச்சுக்கொண்டு போகப் போறாங்கள். அதுதான் தடை."

நிமல் அய்யா ஒரு மஞ்சள் ஒட்டுத்தாளை எடுத்தார்.

4

அஜைலில் எந்த வேலையையும் ஒரு வசனமாக எழுதவேண்டும். யாருக்கு, என்ன வேண்டும், எதற்காக. நிமல் அய்யா எழுதினார்: "அறையில் தங்கியிருக்கும் ஒருவனாக, எனக்கு முத்திரை குத்திய பதிவுத்தாள் வேண்டும், நான் வேலைக்கு வந்து சேர்வதற்காக." அதைக் காப்புறுதி வேலைகளுக்கு நடுவில் சுவரில் ஒட்டினார்.

பிறகு சீட்டுக் காட்டச் சொன்னார். நிமல் அய்யா இரண்டு. ரிஸ்வானும் நானும் இரண்டு. ஸ்டெல்லா நாற்பது. கட்டில் அதற்கு மேல் இலக்கமே இல்லை. முதல் தடவையாக ஒருத்தி பெரியவரோடு ஒத்துப்போகவில்லை. அவருக்கு ஒரே சந்தோஷம்.

முறைப்படி, ஆகக் கூடவும் ஆகக் குறையவும் காட்டியவர்கள் காரணம் சொல்லவேண்டும். "ஒரு தாள், ஒரு கையெழுத்து, ஒரு முத்திரை" என்றார் நிமல் அய்யா.

ஸ்டெல்லா அவருக்குச் சிங்களத்தில் சொல்லிவிட்டு எங்களுக்குத் தமிழில் சொன்னாள். "எங்க அப்பா பிரஜாவுரிமைக்கு எழுதிப் போட்டப்ப நான் பொறக்கவே இல்லீங்க. கடுதாசி வந்தப்ப நான் எட்டாம் வகுப்பு. நாப்பது கம்மின்னுதான் நெனைக்கிறேன்."

வேலையைத் துண்டு துண்டாகப் பிரித்தோம். விண்ணப்பப் படிவம் ரிஸ்வானுக்கு. கிராம சேவகரின் கடிதம் ஸ்டெல்லாவுக்கு, அவள் சிங்களம் அவ்வளவு சுத்தம். பொலிஸ் நிலையம் நிமல் அய்யாவுக்கு. வீட்டுக்காரரின் கையெழுத்து எல்லாருக்கும்.

என் வீட்டுக்காரர் மெனிக்கே அம்மா தங்கமான மனுசி. கொத்தமல்லி அவித்துத் தருவார், என் சேட்டுக்குப் பொத்தான் தைப்பார். படிவத்தைக் கண்டால் மட்டும், "அடுத்த கிழமை பார்ப்போம், புத்தே" என்று மகனை அழைப்பதுபோல் சொல்வார். ரிஸ்வானின் உம்மா செய்த வட்டிலப்பம் இரண்டு கிண்ணம் போன பிறகுதான் காரணம் தெரிந்தது. எண்பத்துமூன்று கலவர வருடத்தில் ஒரு தமிழ்க் குடும்பத்தை மூன்று நாள் வீட்டில் வைத்திருந்தாராம். அக்கம்பக்கத்தில் யாரோ ஜன்னல்களை உடைத்துவிட்டுப் போனார்களாம். அன்றிலிருந்து எந்தத் தாளிலும் அவர் பெயரும் ஒரு தமிழ்ப் பெயரும் சேர்ந்து வரவிடமாட்டார்.

மஞ்சள் தாள் நான்கு ஸ்பிரிண்டாக அசையவில்லை. ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் சுவரைப் படம் பிடித்து நோர்வேக்கு அனுப்புவது வழக்கம். அங்கிருந்த வாடிக்கையாளர் லார்ஸ், அந்தத் தாள் என்ன என்று கேட்டு எழுதினார். "வெளியார் கையில் இருக்கும் வேலை" என்று நிமல் அய்யா பதில் போட்டார். "அப்படியானால் அந்த வெளியாரை அடுத்த கூட்டத்துக்கு அழையுங்கள்" என்று லார்ஸ் எழுதினார்.

5

இப்போது ஸ்டெல்லாவின் பட்டியலுக்கு வரவேண்டும். பிழை தேடுகிறவர்கள் ஒரு வேலை முடிந்ததென்று சும்மா ஒப்புக்கொள்ளமாட்டார்கள். எந்தெந்த நிலைமையில் சோதித்துப் பார்ப்போம் என்று முன்கூட்டியே எழுதிவைப்பார்கள். பதிவுத்தாள் வந்ததும் அது உண்மையில் வேலை செய்கிறதா என்று பார்க்கவேண்டாமா? அவள் ஆங்கிலத்தில் அழகாகத் தட்டச்சு செய்து வைத்திருந்தாள்.

சோதனைச் சாவடி. காலையில், ஒரே ஒரு காவலர் நிற்கும்போது. காவல் மாறும் நேரத்தில். பெரிய பையுடன். பை இல்லாமல். கடும் மழையில். ஒரே நாளில் இரண்டு தடவை. எந்த இடத்தில் மடக்குகிறார்கள் என்று குறித்துவைக்கவும்.

மற்ற மூவரும் அதை வாசித்தோம். நல்ல பட்டியல், ஒன்றும் விடுபடவில்லை என்று பாராட்டினோம். வேறு எதுவும் எங்கள் மூளையில் ஏறவில்லை. அவ்வளவு தூரத்துக்கு நாங்கள் அஜைலில் ஊறிப்போயிருந்தோம்.

வீட்டுக்காரரின் கையெழுத்து இல்லாமலே, அலுவலகக் கடிதத்தோடு கேட்டுப் பார்ப்போம் என்று நிமல் அய்யா முடிவெடுத்தார். கழுத்துப்பட்டி கட்டிக்கொண்டு வந்தார். நாங்கள் எல்லாம் முறையாகச் செய்கிறோம் என்று காட்டினால் மதிப்பார்கள் என்று சொல்லி, அந்த வேலை சம்பந்தமான எல்லாத் தாளையும் ஒரு கோப்பில் போட்டு எடுத்தார். ரிஸ்வான் வெளியே மோட்டார் சைக்கிளோடு நின்றான். நிமல் அய்யாவும் நானும் உள்ளே போனோம்.

அதிகாரி மரியாதையான ஆள். கடிதத்தை வாசித்தார். கிராம சேவகரின் கடிதத்தையும் வாசித்தார். அதற்கு அடியில் இருந்த தாளை வாசித்துவிட்டு, கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடியும் வாசித்தார்.

"இது யார் எழுதியது?"

எனக்கு அப்போதுதான் உறைத்தது. அந்தக் காலத்தில், தோட்டத்துத் தமிழ்ப் பெண் ஒருத்தி காவல் மாறும் நேரத்தைப் பற்றி எழுதிய தாள் அது.

"நான் எழுதினேன்" என்றார் நிமல் அய்யா.

அதோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் அவர் இரண்டு நாள் பயிற்சி எடுத்தவர். அதிகாரிக்கு அஜைலை விளக்கத் தொடங்கினார்.

"நாங்கள் சின்னச் சின்னக் குழுவாக வேலை செய்கிறோம், சேர்."

"உங்கள் தலைவர் யார்?"

"தலைவர் என்று யாரும் இல்லை. குழு தன்னைத்தானே நடத்தும்."

"யார் உங்களுக்கு வேலை சொல்வது?"

"வெளிநாட்டில் ஒருவர் இருக்கிறார். ஒவ்வொரு வெள்ளியும் அவருக்குப் படம் அனுப்புவோம்."

"அடுத்த வேலை எப்போது முடியும்?"

"வருகிற வெள்ளிக்கிழமை, சேர். ஒரு நாளும் பிந்தியதில்லை."

அதிகாரி எழுந்துபோய்க் கதவைச் சாத்தினார்.

எங்களைப் பிரித்து இருத்தினார்கள். என்னை என்ன கேட்டார்கள் என்பதை எழுதினால் பக்கம் போதாது. ஒன்றை மட்டும் சொல்கிறேன். அந்தப் பட்டியலைப் பற்றிக் கேட்டபோதெல்லாம், எனக்குத் தெரியாது என்றேன்.

இரண்டு மணி நேரம் கழித்து வாசலில் ஒரு மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டது. ரிஸ்வானுக்குப் பின்னால், கண்டிச் சேலையோடு ஒரு பக்கமாக உட்கார்ந்து மெனிக்கே அம்மா வந்து இறங்கினார். அவன் அம்பிட்டியவுக்கே ஓடிப்போய்ச் சொல்லியிருக்கிறான். அவர் நேராக மேசைக்கு வந்து, "இந்தப் பையன் என் வீட்டில் இருக்கிறான். தாள் எங்கே?" என்றார். கையெழுத்து வைத்தார். முழுப்பெயரையும் எழுதினார். என்னைத் துருவித் துருவி விசாரித்துவிட்டார்கள், இனி விசாரிக்க ஒன்றுமில்லை. அதிகாரி அதே இடத்தில் முத்திரையைக் குத்திக் கொடுத்தார்.

முத்திரை விழுந்த தாளோடு நான் வெளியே வந்தேன். நிமல் அய்யா உள்ளே இருந்தார். அடுத்த நாள் பின்னேரம்தான் அவரை விட்டார்கள்.

6

திங்கட்கிழமை அவர் வேலைக்கு வந்தார். கழுத்துப்பட்டி இல்லை, மற்றபடி வழமை போலத்தான். வட்டமாக நின்றோம்.

"வெள்ளிக்கிழமை ஒன்றும் செய்யவில்லை. இன்று விட்ட இடத்திலிருந்து செய்வேன். தடை எதுவும் இல்லை" என்றார்.

"ஒண்ணும் இல்லைங்க" என்றாள் ஸ்டெல்லா.

"எதுவும் இல்லை" என்றேன் நான்.

"என்ட கொம்பியூட்டர் இன்னமும் ஸ்லோ" என்றான் ரிஸ்வான்.

மஞ்சள் தாளை ரிஸ்வான் முடிந்த வேலைகளின் பக்கம் நகர்த்தினான். ஸ்டெல்லா ஆட்சேபிக்கவில்லை. சோதிக்காமல் அவள் விட்ட ஒரே வேலை அதுதான். அடுத்த நாள் சாவடியில் நான் தாளை நீட்டினேன். காவலர் அதைப் பார்க்காமலே, நேரம் என்ன என்று கேட்டுவிட்டுப் போகச் சொன்னார்.

அதன் பிறகு இரண்டு வருடம் எங்கள் குழுவில் ஒருவருக்கும் தடை இல்லை, ரிஸ்வானைத் தவிர. லார்ஸுக்கு ஒரே பிரமிப்பு. தடையே இல்லாத குழுவைத் தன் வாழ்க்கையில் கண்டதில்லை என்று எழுதினார். அதில் ஒருவரைத் தங்கள் நாட்டுக்கே எடுக்கவேண்டும் என்றார். அப்படித்தான் நான் பேர்கனுக்கு வந்து சேர்ந்தேன்.

7

இங்கிரிட் கொடுத்த மாதத்தில் நான்கு நாள் மிச்சம் இருந்தது. ஸ்டெல்லாவுக்கு அழைப்பு எடுத்தேன். அவள் இப்போதும் கண்டியில்தான், ஒரு பெரிய நிறுவனத்தில் பிழை தேடும் பகுதிக்குத் தலைவி. கடிதத்தைப் பற்றிச் சொன்னதும் விழுந்து விழுந்து சிரித்தாள். பிறகு நான் அந்த நாளைப் பற்றிச் சொன்னேன். என்ர தடையை நான் வாய் விட்டுச் சொன்னதால்தான் நிமல் அய்யா மாட்டினவர், அதுக்குப் பிறகு எனக்கு வாய் வாறேல்லை என்றேன்.

"என்னாண்ணே சொல்றீங்க? லிஸ்ட்ட எழுதுனது நான். எத்தன நாளு தூங்காம கெடந்தேன் தெரியுமா? ஒங்க தாளால மாட்டுனாருன்னு நான் ஒரு நாளும் நெனைக்கல. என்னாலதான்னு நெனச்சேன்."

"நீ ஏன் ஒரு நாளும் சொல்லேல்லை?"

"நீங்க ஏன் சொல்லல?"

இரண்டு பேரும் சிரித்தோம். பிறகு அவள் மெல்லமாகச் சொன்னாள்.

"தினமும் வட்டமா நின்னு மூணு கேள்வி கேட்டோம்ண்ணே. ரெண்டு வருசம். உள்ள வச்சு என்னா செஞ்சாங்கன்னு அந்த மனுசன்கிட்ட ஒருத்தரும் கேக்கல."

அந்த வசனம் என்னை மூன்று நாள் விடவில்லை. வேலையில் கவனம் போகவில்லை. வெட்கமாக இருந்தது. வேறு சொல் எனக்குத் தெரியவில்லை. இங்கிரிட்டின் குழு கிடைப்பதும் கிடைக்காததும் ஒரு பக்கமாகப் போய்விட்டது.

ஞாயிற்றுக்கிழமை நிமல் அய்யாவுக்கு எடுத்தேன். அவர் ஓய்வெடுத்துவிட்டார், பேராதனையில் மகளோடு இருக்கிறார். நாங்கள் பேசுவது பாதி ஆங்கிலம், பாதி சிங்களம். இங்கே தமிழில் எழுதுகிறேன். வானிலை, பெற்றோல் விலை, ரிஸ்வானின் மூன்றாவது பிள்ளை என்று பத்து நிமிடம் சுற்றி வளைத்தேன். அதற்குள் என்னிடம் எல்லாவற்றையும் கேட்டறிந்திருந்த ஆரணி என் பக்கத்தில் வந்து இருந்துகொண்டு, கேளுங்கோ என்று கையால் காட்டினாள்.

"நிமல் அய்யா, அன்றைக்கு உங்களை உள்ளே வைத்து என்ன செய்தார்கள்?"

தொலைபேசியில் கதவு ஒன்று சாத்தப்படும் சத்தம் கேட்டது. பிறகு சொல்லத் தொடங்கினார். ஒரு மணி நேரத்துக்கு மேல் சொன்னார். அவர் மனைவிக்கும் சொல்லாதவை அதில் இருந்தன, அதனால் இங்கே எழுதமாட்டேன். நடுவில் ஒரு இடத்தில் அவரே சிரித்தார். அஜைலை இன்னும் கொஞ்சம் தெளிவாக விளக்கியிருக்கலாம் என்றார். நான் சிரிக்கவில்லை.

எல்லாம் சொல்லி முடித்துவிட்டு, தண்ணீர் குடித்தார்.

"சரி, நான் சொல்லிவிட்டேன்" என்றார். "இனி நீ சொல்லு."

"அந்தப் பட்டியலைப் பற்றி என்னையும் கேட்டார்கள், நிமல் அய்யா. ஏழெட்டுத் தடவை கேட்டார்கள். அது சும்மா ஒரு அலுவலகப் பட்டியல் என்று நானும் சொல்லியிருக்கலாம். தெரியாது என்று சொல்லி உங்களைத் தனியாக விட்டேன்."

"எனக்கு அது அன்றைக்கே தெரியும்" என்றார் அவர். "பக்கத்து அறையில் அல்லவா இருந்தேன்."